முதல் கூடை விழும்வரை

கவுண்டி சிறை, மில்வாக்கி
ஜூலை 6

வாண்டா,

உன் வீட்டு விலாசத்தை என் வக்கீலிடம் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. 112ஆம் பிரிவு, F வரிசை. ஏழாம் நாற்காலி நான், எட்டாம் நாற்காலி நீ. பதினான்கு வருஷமாக உன் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து இருநூறு கூடைப்பந்து ஆட்டமாவது பார்த்திருப்பேன். உன் கணவர் செத்ததை நீ இடைவேளையில் சொன்னாய். என் முழங்கால் ஆபரேஷனை நான் டைம் அவுட்டில் சொன்னேன். ஆனால் உன் வீடு தெற்கே எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது, வடக்கே என் வீடு எங்கே என்று உனக்கும் தெரியாது. வெள்ளையர் தெற்கே, கறுப்பர் வடக்கே, நம் ஊர் அப்படி, அதை விடு.

விஷயத்துக்கு வருகிறேன். போலீஸிடம் "நான் எதையும் பாக்கலை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். வக்கீல் ஃபினெகன் அந்தத் தாளை என் முன்னால் வைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்து நாற்காலிக்காரியே பார்க்கவில்லை என்றால் வேறு எவள் பார்த்திருப்பாள்?

மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஜூன் 14, டென்வரோடு ஆட்டம். ஹாரன் என்கிற அவர்களுடைய புது ஆட்டக்காரியைப் பார்க்க ஊரே திரண்டு வந்திருந்தது, நம் அரங்கில் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாத ஜனம். நாம் எப்போதும்போல எழுந்து நின்றோம். நம் அணி ஹேமர்ஸ் முதல் கூடை போடும்வரை 112இல் யாரும் உட்கார்ந்ததில்லை. அன்றைக்குப் பார்த்து ஒன்பது முறை எறிந்தும் ஒன்றும் விழவில்லை. கடிகாரத்தில் ஆறு நிமிடம்தான், ஆனால் விசிலும் டைம் அவுட்டும் சேர்த்தால் கால் மணி நேரம் நின்றோம். பின்னால் G வரிசையில் இருந்தவன் கத்தத் தொடங்கினான். "ஏய் கிழவிங்களா, உக்காருங்கடி! உங்க முதுகைப் பாக்கவா நான் வந்தேன்?" நான் திரும்பவில்லை. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது நான் திரும்பமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

அப்புறம் நம் ஆட்டக்காரி டப்பன் வாயில் முழங்கை விழுந்தது. ஐந்தடி ஆறங்குலப் பெண் அவள், இடித்தவள் ஆறடிக்கு மேல். பல் தெறித்துப் போய்த் தரையில் விழுந்தது, ரெஃபரி விசிலே ஊதவில்லை. டப்பன் மண்டியிட்டு, வாயிலிருந்து இரத்தம் ஒழுக, தன் பல்லைத் தேடினாள். பின்னால் இருந்தவன் சிரித்தான். "தேடு, தேடு, நல்லா மோந்து பாத்துத் தேடு" என்றான். அதோடு அவள் நிறத்தை வைத்து ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டான். முப்பத்தோரு வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவள் நான். அந்தப் பெயர் எனக்குப் புதிதில்லை, என்னையும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

டப்பன் வாயில் பஞ்சோடு திரும்பி வந்து மூலையிலிருந்து மூன்று பாயிண்ட் எறிந்தாள். நம் முதல் கூடை அது. விழுந்த நொடி, பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்துக் கீழே இழுத்தது. நான் திரும்பி, ஆட்டத்தில் ஆட்டக் கொண்டுவருகிற மாட்டு மணியால் அவன் முகத்தில் அடித்தேன். எவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

வழக்கு செப்டம்பர் 15. என் புருஷன் மண்டையில் இருபது வருஷத்துக்கு முன் வாணலியால் போட்ட பழைய கேஸ் இருக்கிறதல்லவா, அதனால் பிணை கிடையாது. அவன் கை என் தோளில் பட்டதை நீ சொன்னால் வீட்டுக்குப் போவேன். சொல்லாவிட்டால் ஆறு ஏழு வருஷமாவது உள்ளே என்கிறாள் ஃபினெகன். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது.

இன்னொன்று. இங்கே டிவியில் சமையலும் கல்யாணமும்தான் ஓடுகிறது. என்மேல் கொஞ்சமாவது ஈரம் இருந்தால் நம் ஆட்டத்தை எழுது.

ஒதெல்லா ப்ரிட்

*

ஜூலை 14

ஒதெல்லா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கையில் தொழிற்சாலை பிரஸ் மெஷின் மிச்சம் வைத்தது மூன்று விரல்தான். கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது.

நான் பார்க்கவில்லை என்றது பொய் இல்லை. டப்பனின் பந்து காற்றில் இருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு யார் பின்னால் பார்ப்பார்கள்? சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். மணி சத்தம் போலவே இல்லை அது. அவன் இரண்டு நாற்காலிக்கு நடுவே கிடந்தான், முகத்தைப் பொத்தியிருந்த விரல்களின் இடுக்கில் இரத்தம் வந்தது. அவன் மனைவி கத்தின கத்தலை இன்னும் கேட்கிறேன். உன்னை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள், நீ இன்னும் மணியைக் கீழே போடவில்லை.

அவன் பெயர் ஹெக்மன். கூரை வேய்கிற வேலையாம். இடது கண் போய்விட்டது என்று பேப்பரில் போட்டிருந்தது. தூரம் கணிக்க முடியாதவனை இனி ஏணியில் ஏற்றமாட்டார்கள். உனக்கு இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று எழுதுகிறேன்.

ஆட்டம் கேட்டாய். சனிக்கிழமை ஒமாஹாவோடு. தொடக்கமே அடிதடி. நம் ஓலாந்த் பந்தைத் தொட்டபோதெல்லாம் இரண்டு பேர் அவள் முதுகில் ஏறினார்கள். ஒருத்தி அவள் சட்டையைப் பிடித்து இழுத்ததில் தோள் பக்கம் கிழிந்தது. இரண்டாவது பகுதியில் ஓலாந்த் பொறுமை இழந்து, வழியை மறிக்க நின்ற பெண்ணின் நெஞ்சில் தோளால் போட்டாள். அந்தப் பெண் மல்லாந்து விழுந்து, தலை தரையில் மோதின சத்தம் நம் வரிசைவரை கேட்டது. விழுந்தவள் எழுந்து சிரித்தாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டப்பன் வாயில் ரப்பர் கவசம் போட்டுக்கொண்டு இருபத்திரண்டு பாயிண்ட் எடுத்தாள். கடைசி நிமிடத்தில் நாலு பேர் நடுவே புகுந்தாள், அடி வாங்கினாள், விழுந்துகொண்டே எறிந்தாள், உள்ளே போய்விட்டது. மூன்று பாயிண்டில் ஜெயித்தோம்.

நம் முதல் கூடை சீக்கிரமே விழுந்துவிட்டது, இருபதாவது நொடியில். எல்லாரும் உட்கார்ந்தார்கள். என் கை தானாக உன் நாற்காலிப் பக்கம் போனது. அங்கே யாரும் இல்லை.

வாண்டா ஸ்மோலரெக்

*

ஜூலை 22

வாண்டா,

உன் கடிதத்தைப் பொது அறையில் சத்தமாகப் படித்தேன். இருபது பெண்கள் கேட்டார்கள். நீ முதல் கூடையைக் கடைசியில் எழுதித் தொலைத்திருக்கிறாய், அது வரும்வரை எல்லாரையும் நிற்க வைத்தேன். "என்னத்துக்குடி நிக்கணும்?" என்று ஒருத்தி கேட்டாள். "நின்னா நில்லு, இல்லன்னா வெளியே போ" என்றேன். வெளியே எங்கே போவாள்? நின்றாள்.

இன்னொருத்திக்கு அந்த நேரத்தில் டிவியில் கல்யாணம் பார்க்கவேண்டுமாம். காகிதத்தைப் பிடுங்கினாள். நான் அவள் மணிக்கட்டைத் திருகினேன், அவள் என் கண்ணில் குத்தினாள். நாற்காலியோடு விழுந்தோம். அவள் காதைப் பிடித்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினேன், அதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள். ஐந்து நாள் தனி அறை. இப்போது என் இடது கண்ணும் மூடிக் கிடக்கிறது. சிரிக்காதே.

ஹெக்மனின் கண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு முன்பே தெரியும், வழக்குத் தாளில் முதல் வரியே அதுதான். டப்பனின் பல்லைப் பற்றி எந்தத் தாளிலும் இல்லை. நீ ஏன் அதை எழுதவில்லை? அவன் சொன்ன சொல் உன் காதில் விழவில்லையா? கண்ணால் பார்க்கவில்லை சரி, காதுமா இல்லை?

நீ பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. என் தோள் இறங்கினது பக்கத்தில் இருந்த உனக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் பிடித்தான், நான் அடித்தேன். இந்த ஒரு வரிதான் கேட்கிறேன்.

ஒதெல்லா

*

ஆகஸ்ட் 5

ஒதெல்லா,

அவன் சொன்ன சொல் என் காதில் விழுந்தது. பதினான்கு வருஷத்தில் உன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான். திரும்பி அவனிடம் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அதற்கு மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை டென்வர் மறுபடி வந்தது. 112இல் எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போட்டிருந்தார்கள். நெஞ்சில் "உட்காரமாட்டோம்", முதுகில் உன் நாற்காலி எண். நம் பழைய ஆட்கள் கையில் மாட்டு மணி, நாற்பது மணியாவது இருக்கும். உன் மணி போலீஸிடம் இருக்கிறது என்பதால் இத்தனையாம். எனக்கும் ஒரு சட்டை கொடுத்தார்கள். போட்டுக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு முன் பொரித்த சீஸ் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் திரும்பினான். ஹெக்மன். கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருந்தான். என் சட்டையைப் படித்தான். ஓடிவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"நீங்க அந்தம்மா பக்கத்துல நின்னவங்கதானே?"

"ஆமா."

"நான் கேவலமா பேசினேன். பேசினது நான்தான், இல்லைங்கல. ஆனா அந்தம்மாவைத் தொடலை. என் ரெண்டு கையிலயும் பீர் இருந்துச்சுங்க. எப்படித் தொடுவேன்?"

வரிசை முன்னால் நகர்ந்தது. அவன் நகராமல் மேலும் சொன்னான்.

"முதல் கூடை விழற வரைக்கும்தான் நிப்போம்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். ஆட்டம் முழுக்க மறைச்சுக்கிட்டு நிக்கப்போறீங்கன்னு நினைச்சேன். எனக்கு எப்படிங்க தெரியும்?"

அவனுக்கு யாரும் சொல்லவில்லை, ஒதெல்லா. நான் சொல்லவில்லை, நீ சொல்லவில்லை, அந்தப் பிரிவில் முந்நூறு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நின்றோம்.

ஆட்டத்தைக் கேள். நம் முதல் கூடை விழுந்தது, ஒருவரும் உட்காரவில்லை. முதல் பகுதி முழுக்க நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள், பாப்கார்ன் பறந்தது, பிறகு பீர் பறந்தது. ஆட்டக் களத்திலும் அதே கதை. ஓலாந்த், ஜூன் மாதம் டப்பனை இடித்தவளைத் தேடிப் போய் முழங்கையால் கழுத்தில் போட்டாள். அவள் இருமிக்கொண்டே எழுந்து ஓலாந்தின் முடியைப் பிடித்தாள். இரண்டு அணியின் பெஞ்சும் காலி, எல்லாரும் நடுவில். பயிற்சியாளர் ஒருவரை மிதித்தே விட்டார்கள். அதைப் பார்த்து நம் பிரிவும் கிளம்பிவிட்டது. பின்வரிசைப் பெண் ஒருத்தி என் சட்டையைக் கிழித்தாள். நான் அவள் வாயில் குத்தினேன். ஆமாம், நான்தான், இந்த மூன்று விரல் கையால். அவள் திருப்பிக் குத்தியதில் என் உதடு கிழிந்தது, நாலு தையல். என் ஐம்பத்தெட்டு வயதில் நான் யாரையும் அடித்ததில்லை. குத்தும்போது நன்றாக இருந்தது என்பதையும் உன்னிடம்தான் சொல்லமுடியும்.

பத்துப் பாயிண்டில் தோற்றோம். வீட்டுக்கு வந்து குளியலறையில் வாந்தி எடுத்தேன்.

வாண்டா

*

ஆகஸ்ட் 13

அடியே வாண்டா,

நீயா குத்தினாய்! வெள்ளிக்கிழமை தவறாமல் சர்ச் ஹாலில் மீன் பொரியல் பரிமாறுகிற வாண்டாவா! இங்கே படித்துக் காட்டினேன், கைதட்டல் நிற்கவே இல்லை. அன்றைக்கு என்னோடு சண்டை போட்டவள்கூடக் கேட்டாள், "யாரு அவ, பெரிய ஆளா?" என்று. "என் பக்கத்து நாற்காலி" என்றேன். தையல் போட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் வை.

அந்தச் சட்டை எனக்குப் பிடிக்கவில்லை. கூடை விழுந்தால் உட்காரவேண்டும். அதுதான் வழக்கம். அதை மாற்ற இவர்கள் யார்? என் பேரைச் சொல்லி நிற்கவேண்டாம் என்று சொல்லிவிடு.

ஹெக்மன் கையில் பீர் இருந்ததாம். நல்ல கதை. கண் போனவன் எதையும் சொல்வான், ஜூரியும் கேட்டுக்கொண்டு கண்ணீர் விடுவார்கள். பின்னாலிருந்து ஒரு கை என்னைப் பிடித்தது, வாண்டா. அது மட்டும் நிஜம். அவன் கை இல்லை என்றால் யார் கை? பேய் வந்து பிடித்ததா?

ஃபினெகன் உன்னைக் கூப்பிடுவாள். நல்லவளாக இரு.

ஒதெல்லா

*

ஆகஸ்ட் 21

ஒதெல்லா,

யார் கை என்று கேட்டாய். என் கை.

இந்த வரியை எழுத ஒரு வாரம் ஆயிற்று. கிழித்த தாள்கள் குப்பைக்கூடை நிறையக் கிடக்கின்றன.

நீ என்றைக்குமே உட்கார மறந்துவிடுவாய். கூடை விழுந்ததும் எல்லாரும் உட்காருவார்கள், நீ மட்டும் மணியை ஆட்டிக்கொண்டு நிற்பாய். நான் உன் தோளுக்குப் பின்னால் கை போட்டு இழுத்து உட்காரவைப்பேன். பதினான்கு வருஷமாக, ஒவ்வொரு ஆட்டத்திலும். நீயும் "சரிடி, சரிடி" என்று உட்காருவாய். அன்றைக்கும் டப்பனின் பந்து வளையத்துக்குள் போனதைப் பார்த்தேன், என் கண் பந்தை விட்டு நகரவில்லை, என் கை வழக்கம்போல உன் தோளுக்குப் போனது. அன்றைக்குக் கால் மணி நேரம் நின்றபிறகு கூடை விழுந்த சந்தோஷம், கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டேன். நீ திரும்பினாய்.

போலீஸ்காரர் கேட்டபோது எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. பார்க்கவில்லை என்று சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவர் "நீங்க யாரையாவது தொட்டீங்களா?" என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயம். அப்புறம் உன் கடிதம் வந்தது. அவன்தான் பிடித்தான் என்று நீ அத்தனை நிச்சயமாக எழுதியிருந்தாய். படிக்கப் படிக்க என் கையை எங்கே கொண்டு ஒளிப்பது என்று தெரியவில்லை.

அவன் கண் என்னால் போனது. நீ உள்ளே இருப்பதும் என்னால்தான். நேற்று ஃபினெகனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ இனி எனக்கு எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

வாண்டா

*

ஆகஸ்ட் 30

வாண்டா,

ஃபினெகன் வந்திருந்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன். "இதைவிட நல்ல சாட்சி கிடைக்காதுங்க. அவன்தான் புடிச்சான்னு நீங்க நிஜமாவே நம்பிட்டீங்க. தெரியாம நடந்த தப்பு. ஜூரியில எவரும் உங்களை உள்ளே அனுப்பமாட்டாங்க" என்றாள்.

சரி. அப்படியே சொல்.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைப் பற்றி மேலும் எழுதாதே. ஆட்டத்தை மட்டும் எழுது.

ஒதெல்லா

*

செப்டம்பர் 8

ஒதெல்லா,

கோபம் இல்லை என்று எழுதியிருந்தாய். திட்டியிருந்தால் தேவலை.

112இல் விஷயம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதே, நம் ஊரில் வக்கீல் வீட்டுப் பூனைக்கும் வாய் உண்டு. நேற்று லீக்கின் கடைசி ஆட்டம், க்ளீவ்லாந்தோடு. என் நாற்காலியில் யாரோ பீர் ஊற்றியிருந்தார்கள். E வரிசைக்காரி, பத்து வருஷமாகச் சிரித்துப் பேசினவள், திரும்பிக் கேட்டாள். "அவ உள்ளே கிடக்கா, நீ எந்த மூஞ்சியோட இங்க வந்தே?" கைகளை ஜாக்கெட் பையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் பயங்கரம். முதல் நிமிடத்திலேயே ஓலாந்தின் மூக்கு உடைந்தது, எலும்பு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. களத்தின் ஓரத்திலேயே வைத்தியர் இரண்டு கட்டைவிரலால் அதைத் திருப்பி வைத்தார். அவள் கத்தவில்லை, துண்டைக் கடித்தாள். முகமூடி போட்டுக்கொண்டு வந்து, உடைத்தவளோடு, வளையத்தில் பட்டுத் திரும்பி வந்த பந்துக்காக மூன்று முறை மோதினாள், மூன்று முறையும் அவளைத் தரையில் போட்டாள். டப்பன் கடைசிப் பகுதியில் பந்தைத் துரத்தி நாற்காலிகளுக்குள் பாய்ந்து, தொடையில் ஒரு சாண் தோல் கிழிந்தும் பந்தை உள்ளே தட்டிவிட்டாள். இரண்டு பாயிண்டில் ஜெயித்தோம். பிளே ஆஃபுக்குப் போகிறோம், ஒதெல்லா. ஏழு வருஷத்துக்கு அப்புறம்.

முதல் கூடை விழுந்தபோது எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் இந்தக் கை பையிலிருந்து வெளியே வந்து தானாக உன் நாற்காலிக்குப் போய்விடுமே என்ற பயம், வேறொன்றும் இல்லை. பின்னால் ஒருவன் "உக்காரும்மா" என்றான். நின்ற இடத்திலிருந்தே வெளியே போய்விட்டேன். மீதி ஆட்டத்தைப் படிக்கட்டில் இருந்த டிவியில் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து இந்தக் கையைச் சுவரில் குத்தினேன், மூட்டுகள் கிழியும்வரை. பிரஸ் மெஷின் அன்றைக்கே மணிக்கட்டோடு எடுத்திருந்தால் ஒருவன் ஏணியில் ஏறிக்கொண்டிருப்பான். திங்கட்கிழமை கோர்ட்டில் எல்லாவற்றையும் சொல்வேன். நீ வெளியே வருவாய். அடுத்த வருஷ நாற்காலி வேண்டாம் என்று அரங்கத்துக்கு எழுதிவிட்டேன். உன் பக்கத்தில் இனி நல்லவர் யாராவது வந்து உட்காரட்டும்.

வாண்டா

*

கவுண்டி சிறை
செப்டம்பர் 11

வாண்டா,

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் இங்கே ஒருவர் பிரித்துப் படிப்பார். படிக்கட்டும். அதற்காகத்தான் இதை மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன்.

அது உன் கை என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் நீ எழுதித் தெரிந்துகொண்டதில்லை. ஜூன் 14 அன்றே, அது என் தோளில் விழுந்த அந்த நொடியே தெரியும். என் தோளுக்கு உலகத்தில் எவன் கையை வேண்டுமானாலும் அடையாளம் தெரியாமல் போகலாம். மூன்று விரல் கையைத் தெரியாமல் போகுமா? பதினான்கு வருஷம் அதுதானே என்னை உட்காரவைத்தது. அன்றைக்கும் "உக்காரு" என்றுதான் இழுத்தாய். பலமாகவும் இழுக்கவில்லை, எப்போதும்போலத்தான் இழுத்தாய். அதை நீயாகச் சேர்த்துக்கொண்டாய்.

டப்பன் மண்டியிட்டுப் பல்லைத் தேடியபோது அவன் சிரித்தான் இல்லையா, அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். மணியின் நாக்கைக் கைக்குட்டையால் சுற்றினேன், தூக்கும்போது சத்தம் வந்து அவன் விலகிவிடக்கூடாது என்று. உனக்கு அது மணி சத்தம் போல் கேட்காததற்குக் காரணம் அதுதான். அப்போதே திரும்பி அடித்திருப்பேன், ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது நான் திரும்பமாட்டேன். கூடை விழும்வரை பொறுத்தேன். அவன் இரண்டு கையிலும் பீர் இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்.

போலீஸ் வந்ததும் "பின்னாலேர்ந்து கை பிடிச்சுது" என்றேன். கை பிடித்தது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பேசாமல் இருந்தால் அது அவன் கையாகிவிடும் என்று நினைத்தேன். நீ உண்மையைச் சொன்னதும், அதுவும் எனக்கே சாதகமாகத் திரும்பியது. ஃபினெகன் சிரித்தபோது நானும் சிரித்தேன். உன் தலையில் ஏறி நடந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். நீ சுவரில் குத்தினதைப் படிக்கும்வரை.

வருத்தப்படுகிறேனா என்று கேட்பாய். அவன் சொன்ன சொல்லுக்கு அவன் வாங்கவேண்டியதை வாங்கினான் என்று பாதி நாள் தோன்றுகிறது. ஏணியின் நடுவில் ஒருவன் கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பது பாதி நாள் கண்ணில் வருகிறது. இரண்டும் என்னுடையவைதான். அவற்றில் உனக்குப் பங்கு எதுவும் இல்லை. கேட்டாயா? ஒரு விரல் அளவு பங்குகூட இல்லை.

ஃபினெகனிடம் சொல்லிவிட்டேன். தலையில் கைவைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், நீ கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை E வரிசைக்காரியிடம் காட்டு. ஹெக்மனிடம் காட்ட உனக்குத் தைரியம் இருந்தால் அவனிடமும் காட்டு. அரங்கத்துக்கு எழுதி உன் நாற்காலியைத் திரும்ப வாங்கு. கையில் மருந்து போடு.

திங்கட்கிழமை மாலை பிளே ஆஃப் முதல் ஆட்டம். நீ போகவேண்டும். என் நாற்காலியில் எவளாவது புதியவள் இருப்பாள். ஏன் நிற்கிறோம் என்று அவளிடமும் பின்வரிசைக்காரனிடமும் முதலிலேயே சொல்லிவிடு. கூடை விழுந்ததும் அவள் உட்கார மறந்தால், அந்தக் கையைத் தோளில் போட்டு உட்காரவை.

முதல் கூடையை யார் போட்டது என்று எழுது. இந்த முறை அதைக் கடைசியில் எழுதாதே, இங்கே இருபது பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஒதெல்லா